தோட்டம் போய்விட்டது, ஓட்டு இன்னும் அங்கேதான்

மலேசியத் தேர்தல் ஆணையத்தின் 'மைஎஸ்பிஆர் செமாக்' என்ற வாக்காளர் சரிபார்ப்புப் பக்கத்தைத் திறந்து, ஐசி (அடையாள அட்டை) எண்ணின் 12 இலக்கத்தையும் கோடு போடாமல் தட்டுங்கள். பெயருக்குக் கீழே லோக்காலிட்டி (குடியிருப்புப் பகுதி), டாயெரா மெங்குண்டி (வாக்களிப்பு வட்டாரம்), டுன் (சட்டமன்றத் தொகுதி), பார்லிமென் (நாடாளுமன்றத் தொகுதி), நெகிரி (மாநிலம்) என்று வரிசையாக வரும். தேர்தல் நெருங்கியதும் இன்னும் மூன்று விவரம் சேரும்: எந்தப் பள்ளிக்கூடம், எந்த சாலுரான் (வாக்களிக்கும் அறை), பட்டியலில் எத்தனையாவது பெயர். இதில் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டியது லோக்காலிட்டி வரிதான். பேராக் மாநிலத்தின் தாப்பா, பீடோர், சுங்காய் பக்கத்து ஆட்களில் பலருக்கு அது இன்னும் 'லாடாங்' (தோட்டம்) என்றுதான் தொடங்கும். தொழிலாளர் குடியிருந்த லயம் இடிபட்டிருக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் செம்பனை மட்டை அடுக்கிக் கிடக்கும். ஆள் கிள்ளானில் மாடி வீட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பார். ஓட்டு மட்டும் பழைய டிவிஷனிலேயே குடியிருக்கும்.

தோட்டப்புறத்தில் ஓட்டு விழுவது ஏன் குறைகிறது என்று கேட்டால், "நம்ம ஆளுங்களுக்கு அக்கறை இல்ல" என்று காப்பிக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுவோம். முகவரியைச் சரிபார்த்துவிட்டு அந்தத் தீர்ப்பை எழுதினால் தேவலை. சனிக்கிழமை காலை ஓட்டுப் போட 150 கிலோமீட்டர் ஓட்டி வர வேண்டியவரையும், ஐந்து நிமிடம் நடந்து வருபவரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

நாடு முழுவதற்குமான கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2018 மே 9ல் நடந்த 14வது பொதுத்தேர்தலில் 82.32 விழுக்காடு பேர் வாக்களித்தார்கள். 2022 நவம்பர் 19ல் நடந்த 15வது பொதுத்தேர்தலில் அது ஏறக்குறைய 74க்கு இறங்கியது. இதை வைத்து மக்களுக்குச் சலிப்பு தட்டிவிட்டது என்று பலர் சொன்னார்கள். ஆனால் தலைகளை எண்ணிப் பாருங்கள். 2018ல் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 1 கோடியே 49 லட்சம் பேர். 2022ல் சுமார் 2 கோடியே 11 லட்சம். அதாவது வந்து ஓட்டுப் போட்டவர்கள் 1 கோடியே 23 லட்சத்திலிருந்து 1 கோடியே 56 லட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறார்கள். விழுக்காடு குறைந்ததற்கு முக்கியக் காரணம், கீழே வகுக்கும் எண் பெருத்ததுதான். வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18க்குக் குறைத்து, பதிவைத் தானாக நடக்கும்படி மாற்றிய அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலையில் நிறைவேறி, 2021 டிசம்பர் 15ல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு பட்டியலில் இருந்தவர் எல்லாம், ஒருநாள் நேரம் ஒதுக்கிப் போய்ப் பெயர் எழுதிக்கொண்டவர். ஓட்டுப் போடுவதில் ஏற்கனவே ஆர்வம் உள்ளவர். இப்போது எல்லாருமே உள்ளே.

தானியங்கிப் பதிவில்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கல் தொடங்குகிறது. பதிவு, ஐசியில் இருக்கும் முகவரியைப் பிடித்துக்கொள்கிறது. 12 வயதில் தோட்டத்து முகவரியில் எடுத்த ஐசி, 18ல் படம் மாற்றும்போதும் அதே முகவரி, பிறகு ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. அவருக்கே தெரியாமல் அவர் பேராக் வாக்காளர் ஆகிவிடுகிறார். நிறையப் பேருக்கு இது தெரிய வருவது நாடாளுமன்றம் கலைந்த பிறகு, வாட்ஸ்அப்பில் யாரோ செமாக் இணைப்பை அனுப்பும்போது. அப்போது ஒன்றும் செய்ய முடியாது. 2022ல் அக்டோபர் 10ஆம் தேதி நாடாளுமன்றம் கலைந்தது. தேர்தலுக்கு எடுத்துக்கொண்ட பட்டியல் அதற்கு முந்தைய நாள் வரைக்குமானது. ஒரு நாள் பிந்தினாலும் பிந்தியதுதான்.

மாற்றுவது இரண்டு படி, அந்த வரிசையில்தான். முதலில் ஜே.பி.என். (தேசியப் பதிவு இலாகா) போய் ஐசியில் முகவரியை மாற்ற வேண்டும். மின்சார பில் போல வீட்டு முகவரி உள்ள ஏதாவது ஒன்றைக் கையில் வைத்திருந்தால் கவுண்டரில் அலைச்சல் மிச்சம். இரண்டாவது, தேர்தல் ஆணையத்தில் தொகுதி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆணையத்தின் இணையப் பக்கத்திலேயே செய்யலாம், மாநில அலுவலகத்திலும் செய்யலாம். பேராக்காரர்களுக்கு அது ஈப்போவில் இருக்கிறது. பெரும்பாலோர் தவறுவது இந்த இரண்டு படிக்கும் நடுவில்தான். ஐசி மாறிவிட்டது, அரசாங்கக் கணினி எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறார்கள். பேசிக்கொள்வதில்லை. ஜே.பி.என்.னில் முகவரி மாறினால் ஓட்டுத் தொகுதி தானாக மாறாது. விண்ணப்பித்த பிறகு அது பட்டியலில் ஏற வாரக்கணக்கில் ஆகும், அதனால் சில வாரம் கழித்துத் திரும்பவும் செமாக் பாருங்கள். லோக்காலிட்டி வரி மாறியிருந்தால்தான் வேலை முடிந்தது.

மாற்றலாமா வேண்டாமா என்பதில் ஊரில் ஒரு பழைய வழக்கு உண்டு. "எல்லாரும் ஓட்டைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டால் இங்கே கோயிலுக்கும் பள்ளிக்கும் யார் பேசுவது?" நியாயமான கவலைதான். ஆனால் அரசியலமைப்பு, வாக்காளர் தொகுதியில் குடியிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. அதைவிட நடைமுறையான பதில் ஒன்றும் இருக்கிறது: ஒவ்வொரு முறையும் வரக்கூடியவர் என்றால் அந்த ஓட்டு ஊருக்குப் பலம். மூன்று தேர்தலில் ஒன்றுக்குத்தான் வருவார் என்றால் ஊரின் பட்டியலில் வெறும் எண். அவர் குடியிருக்கும் இடத்திலும் ஓட்டு இல்லை. ஆக, கடந்த மூன்று தேர்தலுக்கு நீங்கள் வந்தீர்களா என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்யலாம்.

தூரம் ஓட்டைக் குறைப்பது ஜொகூர் மாநிலத்தில் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2022 மார்ச் 12ல் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில் 54.92 விழுக்காடு பேர்தான் வாக்களித்தார்கள். சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் நிறைந்த மாநிலம் அது. தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது ஏப்ரல் 1ல். மூன்று வாரம் முந்தி நடந்த தேர்தலுக்கு அவர்கள் எப்படி வருவார்கள்? வெளிநாட்டு அஞ்சல் ஓட்டும் அப்போது அவர்களுக்கு இல்லை. அந்த ஆண்டு பொதுத்தேர்தலிலும் சிங்கப்பூர், தென் தாய்லாந்து, புருணை, கலிமந்தானில் இருப்பவர்களுக்கு அஞ்சல் வசதி கொடுக்கப்படவில்லை.

சரி, தோட்டத்துக்காரர் ஓட்டுக்கு அப்படி என்ன தனிக் கனம்? பேராக்கில் 2022ல் இரண்டு தாள் கொடுத்தார்கள், நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று. பெரிய தாள் நாடாளுமன்றம், சின்னது துணைக்கு வந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். தோட்டத்து விவகாரத்தில் கிட்டத்தட்ட தலைகீழ். நிலம் மாநிலத்தின் கையில். கோயில் நிலத்துக்குப் பட்டா, தோட்டம் விற்கப்படும்போது குடியிருப்புக்கு ஒதுக்கும் துண்டு நிலம், நிலத்தின் பயன்பாட்டை மாற்ற அனுமதி, எல்லாம் மாநில அரசின் மேசைக்குத்தான் போகும். பள்ளிக்கூடம், குடியுரிமை, தொழிலாளர் வீட்டுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை கூட்டரசு. தமிழ்ப்பள்ளி ஒன்றை எடுத்துக்கொண்டால் ஆசிரியர் கூட்டரசு, அது நிற்கும் மண் மாநிலம். ஒரு தாளை மட்டும் அக்கறையாகப் போட்டு இன்னொன்றை ஏனோதானோ என்று போடுவது பாதி வேலை.

ஊராட்சிக்குத் தேர்தலே கிடையாது. 1965ல் நிறுத்தி வைத்ததைத் திரும்பக் கொண்டுவரவில்லை. கவுன்சிலரை மாநில அரசு நியமிக்கிறது. தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) சாக்கடை அடைத்திருந்தாலும் சடக்கு (சாலை) விளக்கு எரியாவிட்டாலும் அந்தச் சங்கிலியின் மறுமுனை சட்டமன்ற ஓட்டில்தான் கட்டியிருக்கிறது. தோட்டத்துக்கு உள்ளே என்றால் இன்னும் மோசம், அது தனியார் நிலம் என்று சொல்லியே கிராமப்புற மேம்பாட்டுப் பணம் நெடுங்காலம் வேலிக்கு வெளியே நின்றது.

வித்தியாசம் எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்பதற்குப் பக்கத்துத் தொகுதிகளே போதும். தாப்பா நாடாளுமன்றத் தொகுதியில் 2018ல் பெரும்பான்மை 614. மலைக்கு மேலே கேமரன் மலையில் 2013ல் 462, 2018ல் 597. 614 என்பது பெரிய எண் இல்லை, ஒரு தோட்டத்துத் திருவிழா பந்தியில் இரண்டு வரிசைக்கு உட்காருகிற கூட்டம். அந்த 597 ஓட்டு வெற்றியை, பணம் கொடுத்த காரணத்தால் தேர்தல் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்து, 2019 ஜனவரி 26ல் இடைத்தேர்தல் நடந்தது. சட்டத்தில் கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளிதான். வீடு வீடாக வரும் 50 வெள்ளி உறைக்கு அந்தப் பக்கமும் உண்டு.

இடைத்தேர்தலில் ஓட்டின் எடை இன்னும் ஏறும், ஏனென்றால் வருகிறவர்கள் குறைவு. 2024 மே 11ல் கோலக்குபு பாருவில் 61 விழுக்காடு சொச்சம். 2025 ஏப்ரல் 26ல் ஆயர் கூனிங்கில் 60ஐக்கூட எட்டவில்லை. இரண்டுமே தோட்டம் சூழ்ந்த சட்டமன்றத் தொகுதிகள். பொதுத்தேர்தலில் நான்கு பேரில் மூவர் வருகிற இடத்தில் ஐந்து பேரில் மூவர்.

இடைத்தேர்தலில் கூட்டம் குறைவதற்கு ஒரு வெறும் வேலைக் காரணம் இருக்கிறது. பொதுத்தேர்தலுக்கு அரசு விடுமுறை விடுகிறது. 2018ல் புதன்கிழமையை விடுமுறை ஆக்கினார்கள், 2022ல் வெள்ளி, சனி இரண்டும். இடைத்தேர்தல் சனிக்கிழமை சாதாரணச் சனிக்கிழமைதான். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு டன் கணக்கில் கூலி. பழுத்த குலை மரத்தில் காத்திருக்காது, உதிரி விழ ஆரம்பித்தால் காசு தரையில் போகிறது. பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்துக்கு) விடியலில் போனவர் மதியம்தான் வீடு திரும்புவார். 1954ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டத்தின் 25வது பிரிவு, வாக்களிப்பு நாளில் வாக்காளரான தொழிலாளிக்குப் போதிய நேரம் கொடுக்க வேண்டும், அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்கிறது. இதை வாக்களிப்பு நாள் காலையில் மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொல்லிச் சண்டை போட்டுப் பயனில்லை. முந்தின வாரமே கிராணியிடம் (எழுத்தரிடம்) யார் யாருக்கு ஓட்டு இருக்கிறது என்று பெயர்ப் பட்டியல் கொடுத்து, காலையில் ஒரு பகுதி, மதியம் ஒரு பகுதி என்று பிரித்துவிட வேண்டும். பட்டியல் நீளமாக இருக்காது. இப்போது வெட்டுகிறவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளர்கள், அவர்களுக்கு ஓட்டு இல்லை. குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி, பச்சை ஐசி வைத்திருக்கும் நம் ஆட்களுக்கும் இல்லை. இந்த மண்ணில் பிறந்து, பத்திரம் சரியில்லாமல் அறுபது வயதிலும் சிவப்பு ஐசியோடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் அக்கறையைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரக் கூடாது.

வாக்களிப்பு நாளில் தடுக்கி விழ வைப்பது சாலுரான். அது வயதுப்படி பிரிக்கப்படுகிறது. ஒன்றாம் எண் மூத்தவர்களுக்கு, கடைசி எண் இளையவர்களுக்கு. ஒரே வீட்டிலிருந்து ஒரே காரில் வந்த தாத்தா ஒன்றில், அம்மா மூன்றில், பேரன் ஆறில். தாத்தாவைப் பேரன் தன் வரிசையில் நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனால், பட்டியலில் பெயர் இல்லை என்பார்கள். பெயர் பக்கத்து அறையில் இருக்கும். அவருக்கு அதற்குள் கால் வீங்கி, "விடுய்யா, வீட்டுக்குப் போவோம்" என்றுவிடுவார். ஒன்றாம் சாலுரானில் ஆள் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் வரிசை மெதுவாகத்தான் நகரும். ஒவ்வொருவரும் படி ஏற, கண்ணாடி தேட, மடிக்க நேரம் எடுப்பார்கள். மூத்தவர்களைக் காலை 8 மணிக்கே கூட்டிப் போவது நல்லது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு முன்னுரிமை கேட்கலாம், பார்வை இல்லாதவரும் கையால் குறியிட முடியாதவரும் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு உள்ளே படிவம் உண்டு. இளையவர்களும் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். நவம்பர் மாதம் மூன்று மணிக்கு மேல் பேராக்கில் மழை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. 2018ல் 5 மணிக்கு மூடினார்கள், 2022ல் 6 மணிக்கு. நேரம் தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிறது.

உள்ளே மூன்று கிராணிகள். முதலாமவர் ஐசியைப் பார்த்து, பெயரையும் எண்ணையும் உரக்க வாசித்து, பட்டியலில் கோடு போடுவார். கட்சி முகவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் பட்டியலிலும் கோடு போடுவார்கள். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார். மை வேண்டாம் என்றால் தாள் கிடையாது. மூன்றாமவர் தாள் கொடுப்பார். மை காய இரண்டு மூச்சு பொறுத்துத் தாளை வாங்குங்கள். ஈர விரல் பட்டு வேறு கட்டத்தில் கறை விழுந்தால் எண்ணும்போது வாக்குவாதம். அசல் ஐசி வேண்டும், கைப்பேசியில் இருக்கும் படம் உதவாது. ஐசி தொலைந்திருந்தால் ஜே.பி.என். கொடுக்கும் தற்காலிகச் சான்று செல்லும். கைப்பேசி அணைந்திருக்க வேண்டும்.

தாளில் வேட்பாளர் பெயர் ரூமியில் (ரோமன் எழுத்தில்), பக்கத்தில் சின்னம். தமிழ் மட்டும் படித்த பாட்டிமார்களுக்குச் சின்னம்தான் எல்லாம். அந்தச் சின்னங்கள்தான் இப்போது இடம் மாறி விளையாடுகின்றன. தீபகற்பத்தில் 2018ல் ஹராப்பான் கூட்டணி மொத்தமும் கெஅடிலான் கட்சியின் 'கண்' சின்னத்தில் நின்றது, ஜ.செ.க.வின் ராக்கெட் தாளில் இல்லை. 2022ல் கண்ணும் போய்க் கூட்டணிக்கு என்று தனிச் சின்னம் வந்தது. பாரிசானும் ஹராப்பானும் கைகோத்த பிறகு, ஒரு தொகுதியில் பாரிசானின் தராசு இருந்தால் ஹராப்பான் சின்னம் இல்லை. ஐம்பது வருடம் தராசுக்கோ ராக்கெட்டுக்கோ போட்டுப் பழகிய கை, தாளில் இரண்டையும் காணாமல் அந்தரத்தில் நிற்கும். நீங்கள் எந்தப் பக்கம் என்றாலும் சரி, முந்தின நாள் ராத்திரி வேட்பாளர்களின் சின்னத்தைப் பெரியதாக அச்செடுத்து வீட்டில் காட்டிவிடுங்கள். யாருக்குப் போட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, என்னென்ன சின்னம் இருக்கிறது என்று காட்டினால் போதும்.

ஒரே கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. கையெழுத்து, பெயர், சாமி படம், திட்டு, எதுவும் வேண்டாம். தவறிப்போய் வேறு கட்டத்தில் போட்டுவிட்டால் அடித்துத் திருத்தாமல், பெட்டியில் போடுவதற்கு முன் அறைத் தலைவரிடம் கொடுத்துப் புதுத் தாள் கேட்கலாம். பலருக்குத் தெரியாத உரிமை இது. அப்படித் திருப்பிக் கொடுத்ததுதான் 'ரோசாக்', கெட்டுப்போன தாள். பெட்டிக்குள் விழுந்து எண்ணும்போது ஒதுக்கப்படுவது 'டித்தோலாக்', நிராகரிக்கப்பட்டது. ஊரில் இரண்டையும் ரோசாக் என்றே சொல்கிறோம். முதலாவதைச் சரிசெய்யலாம், இரண்டாவது போனது போனதுதான்.

கோலக்குபு பாருவில், கோபத்தைக் காட்ட ஓட்டுப் போடாமல் இருப்போம் என்று இந்திய வாக்காளர்களிடம் பேச்சு எழுந்தது. கோபத்துக்குக் காரணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது எப்படிப் பதிவாகிறது என்பதுதான் கேள்வி. வாக்களிப்பு முடிந்ததும் அறைக் கதவை மூடி, 'போராங் 13' என்ற படிவத்தில் தாள் கணக்கை எழுதி, அந்த சாலுரானின் பெட்டியை அங்கேயே திறந்து எண்ணுகிறார்கள். முடிவு 'போராங் 14'ல் ஏறும்: ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை, நிராகரிக்கப்பட்டது எத்தனை. முகவர்களுக்கு ஆளுக்கு ஒரு நகல். வராதவர் ஏன் வரவில்லை என்று எழுத அதில் கட்டம் கிடையாது. கோபத்தில் வராதவரும், பஸ் கிடைக்காமல் வராதவரும், எப்போதோ முகவரி மாறிப் போனவரும் ஒரே கழித்தலில் போய்விடுகிறார்கள்.

ஆனால் அந்த நகல்களைக் கட்சிக்காரர்கள் குப்பையில் போடுவதில்லை. சாலுரான் வயதுப்படி, டாயெரா மெங்குண்டி இடப்படி. இரண்டையும் சேர்த்தால் யார் எப்படிப் போட்டார் என்று தெரியாவிட்டாலும், எந்த இடத்தில் எந்த வயதுக்காரர் வந்தார்கள் என்று தெரிந்துவிடும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: ஒரு தமிழ்ப்பள்ளி மையத்தில் சாலுரான் 1ல் 500 பெயர், 400 தாள், சாலுரான் 4ல் 600 பெயர், 290 தாள். அடுத்த தேர்தலுக்கு அந்த லயத்துக்கு யாரை அனுப்புவது, எதைப் பேசுவது, எத்தனை முறை போவது என்று திட்டம் போடுகிறவர் இந்த இரண்டு வரியைப் பார்த்துவிட்டு, கிழவர்களுக்கு மருந்து, மூக்குக்கண்ணாடி என்று எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். 290 பேர் இருக்கும் வரிக்கு எதிரில் என்ன எழுதுவது என்று அவர் யோசிப்பது அது 450 ஆகும் அன்றைக்குத்தான்.

அடுத்த பொதுத்தேர்தல், நாடாளுமன்றம் முன்கூட்டிக் கலையாவிட்டால்கூட, 2028 பிப்ரவரியைத் தாண்டாது. முகவரி மாற்ற வேண்டியவர்கள் இந்த மாதமே ஜே.பி.என்.னுக்குப் போய்விட்டு வாருங்கள். ஈப்போ பக்கம் வேறு வேலை இருந்தால் இரண்டாவது படியையும் அன்றே முடித்துவிடலாம்.